பேனரைக் கழற்றிய பிறகும் அது எங்கள் பிள்ளைதான்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் உயர்தரம் எழுதிய பிள்ளை இருந்தால், கெம்பஸுக்கோ கல்வியியற் கல்லூரிக்கோ போன பிள்ளை இருந்தால், தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

"நாங்கள்" என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒரே கல்வியியற் கல்லூரியில் ஒரே பெட்ச்சில் படித்து, இன்றைக்குப் பதுளை மாவட்டத்தில் வேறு வேறு பாடசாலைகளில் படிப்பிக்கிற நாலு பேர் நாங்கள். இரண்டு பேர் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகள். இரண்டு பேர் தோட்டத்துப் பிள்ளைகள். டைப் பண்ணுகிற கை ஒன்று. யோசித்தது நாலு பேரும்.

போன மாதம் ஒரு ராத்திரி பதினொரு மணி இருக்கும், ஒரு கோல் வந்தது. எங்களிடம் படித்த பிள்ளை. பசறைப் பக்கத்துத் தோட்டம். கெம்பஸுக்குப் போய் ஆறு கிழமைதான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சர், நான் வீட்டுக்கு வந்துறவா?"

என்ன நடந்தது என்று கேட்டோம். யாரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. "ஒன்னும் நடக்கல டீச்சர். எனக்கு ஒன்னுமே வெளங்கல. எல்லாருக்கும் வெளங்குது. நான் இங்க வந்திருக்கவே கூடாது. தவறி வந்துட்டேன்."

சரி, வீட்டில் சொன்னாயா என்று கேட்டோம். அதற்கு அவள் சொன்ன பதில்தான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

"எப்புடி டீச்சர் சொல்றது? ரோட்டுல பேனர் இன்னும் இருக்கு."

அந்தப் பேனரைக் கட்டியவர்களில் நாங்களும் உண்டு. காசு சேர்த்தோம். படம் தேடிக் கொடுத்தோம். "எமது மண்ணின் பெருமை" என்று எழுதச் சொன்னதும் நாங்கள்தான். பிள்ளைக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் செய்தோம். ஆனால் அவளுக்கு அது வீட்டுக்குத் திரும்பி வரும் பாதையை மறித்துக் கட்டிய துணியாக இருந்திருக்கிறது. கஷ்டம் என்று சொன்னால் அவள் மட்டும் தோற்கவில்லை, தோட்டமே தோற்றுப் போகும் என்று நினைத்திருக்கிறாள்.

அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறோம். பெயர், தோட்டம், கெம்பஸ் எதுவும் வேண்டாம் என்றாள். போடவில்லை. கொமெண்ட்டில் யாரும் கேட்கவும் வேண்டாம்.

எங்களுக்கும் அதே கதைதான்

பதினைந்து வருஷத்துக்கு முன் நாங்கள் கொலிஜுக்குப் போனபோதும் இதே எண்ணம்தான். முதலில் ஒரு வெட்கம். "கெம்பஸ் கிடைக்காதவங்கதான் கொலிஜுக்குப் போறது" என்று ஊரில் சொல்லுவார்கள். இசட் புள்ளி கொஞ்சம் குறைந்து போனது என்ற கவலையோடுதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். போன இடத்தில் மற்றவர்கள் எல்லாம் நல்ல பாடசாலைகளில் படித்தவர்கள் மாதிரித் தெரிந்தது. மேடையில் பேசத் தெரிந்தவர்கள், கணினி தெரிந்தவர்கள், சிங்களம் தெரிந்தவர்கள். எங்களில் ஒருத்தி கணினியை முதன்முதலாகத் தொட்டதே அங்கேதான்.

நுண்கற்பித்தல் என்று ஒன்று உண்டு. சக மாணவர்களை வகுப்புப் பிள்ளைகளாக உட்கார வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் படிப்பிக்க வேண்டும். பின்னால் விரிவுரையாளர் குறிப்பு எடுத்துக்கொண்டிருப்பார். எங்களில் ஒருத்தி அதில் மூன்றாவது நிமிஷத்திலேயே நின்று விட்டாள். வெண்கட்டி கையில் இருக்கிறது, வாயில் வார்த்தை இல்லை. தோட்டத்துப் பேச்சு வாயில் வந்துவிட்டது, யாரோ ஒருவர் சிரித்தார். அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

முஸ்லிம் பிள்ளைகளான எங்களுக்கு வேறு மாதிரி. "பொம்பளப் புள்ளைய ரெண்டு வருஷம் வெளியில வைக்கிறதா?" என்று சொந்தக்காரர்கள் வாப்பாவைக் கேட்டுக் கேட்டு, அவர் விட்டுத்தான் அனுப்பியிருந்தார். ஒரு பாடத்தில் சறுக்கினாலும் "அப்பவே சொன்னோமே" என்பார்கள் என்ற பயம். அதனால் விளங்காததை விளங்கவில்லை என்று கேட்கவே இல்லை. கேட்காததால் இன்னும் விளங்கவில்லை.

நாலு பேரும் நாலு கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரே விஷயத்தை நினைத்து அழுதிருக்கிறோம். ஒருவருக்கொருவர் தெரியாமல். இது தெரியவந்தது நாலு மாதத்துக்குப் பிறகுதான். தெரிந்த அன்றைக்கு அழுகை பாதி குறைந்தது. பெட்டியைக் கட்டியவள் இன்றைக்கு ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறாள். அவளுடைய வகுப்பில் பிள்ளைகள் தோட்டத்துப் பேச்சில் கதை சொல்லலாம். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது?

"எனக்குத் தகுதி இல்லை" என்பது அந்தப் பிள்ளையின் மண்டையில் தானாக முளைத்த ஒன்று இல்லை. அதற்கு ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தது 1945 இல். கன்னங்கரா அவர்களை வருஷா வருஷம் நினைவுகூருகிறோம். ஆனால் தோட்டப் பாடசாலை அன்றைக்கு அந்த வட்டத்துக்குள் வரவில்லை. ஒரு ஆசிரியர், ஒரு கட்டிடம், அஞ்சாம் வகுப்போடு முடிவு. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில்தான். அதற்கு நடுவில், 1948 இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக ஆக்கியது. அந்தப் பிரச்சினைக்கு முடிவு கட்டும் சட்டம் வந்தது 2003 இல். அதாவது இன்றைக்குக் கெம்பஸில் இருக்கிற தோட்டத்துப் பிள்ளைகள் பலருடைய பாட்டன் பாட்டிக்குப் படிக்க ஒழுங்கான பாடசாலையும் இல்லை, வாக்குச் சீட்டும் இல்லை.

மற்றவர்கள் ஒரு தலைமுறைக்கு முன்னாலேயே இந்த ஓட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். பிந்தித் தொடங்கியவர் மூச்சு வாங்குகிறார் என்றால் அது அவருடைய காலில் உள்ள குறை இல்லை.

அடுத்தது "கோட்டா". அந்தப் பிள்ளைக்கும் இதுதான் மனதில் குத்தியது. "கொழும்புல நாங்க எடுத்த இசட்டுக்குக் கெம்பஸ் கெடைக்காது. நீங்க பதுளைன்னதால வந்தீங்க" என்று ஒரு தோழி விளையாட்டாகச் சொல்லியிருக்கிறாள்.

சரி, முறை என்ன என்று பார்ப்போம். கலைப் பிரிவு தவிர்த்து, பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் இடம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறது. 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி பிரிக்கப்படுகிறது. 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. பதுளையும் மொனராகலையும் அந்தப் பதினாறில் இருக்கின்றன. இது பிச்சை இல்லை. எங்கள் மாவட்டத்தில் தமிழ் மொழியில் உயர்தர விஞ்ஞானம், கணிதம் படிக்கக்கூடிய பாடசாலைகளை விரல் விட்டு எண்ணலாம். பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாமல் ஒரு தவணை முழுக்க ஓடிய வகுப்புகளை நாங்களே பார்த்திருக்கிறோம். டியூஷனுக்கு லுணுகலையிலிருந்தும் மடுல்சீமையிலிருந்தும் காலையில் பஸ் ஏறிப் பதுளைக்கு வந்து, பின்னேரம் கடைசி பஸ்ஸைப் பிடித்துப் போய், பஸ் நிற்கிற இடத்திலிருந்து மலை ஏறி நடந்து வீட்டுக்குப் போகிற பிள்ளை எடுக்கிற இசட் புள்ளியும், வீட்டுக்குப் பக்கத்திலேயே எல்லா வகுப்பும் இருக்கிற பிள்ளை எடுக்கிற இசட் புள்ளியும் தாளில் மட்டும்தான் ஒரே அளவுகோல்.

இன்னொன்று. கோட்டா கதவைத் திறந்து விடும், அவ்வளவுதான். உள்ளே போன பிறகு பரீட்சைத் தாளில் மாவட்டத்தின் பெயர் இல்லை. எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஒரே புள்ளித்திட்டம். அதில் சித்தியடைந்து வெளியே வருகிற எங்கள் பிள்ளைகளை நாங்கள் வருஷா வருஷம் பார்க்கிறோம்.

இது எங்களுக்கு மட்டும் உள்ள வியாதியா?

இல்லை. 1978 இல் அமெரிக்காவில் போலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். 150க்கும் மேற்பட்ட, நன்றாகப் படித்து முன்னுக்கு வந்த பெண்களைக் கவனித்து எழுதியது. பட்டம், பதவி எல்லாம் இருந்தும் அவர்களில் பலர் மனதுக்குள், "நான் கெட்டிக்காரி இல்லை, எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன், ஒரு நாள் பிடிபட்டுவிடுவேன்" என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிள்ளை சொன்ன "தவறி வந்துட்டேன்" அதே பேச்சுத்தான். மொழி மட்டும் வேறு.

இன்னொரு ஆய்வு எங்களுக்கு ரொம்பப் பிடித்தது. 2011 இல் வெளிவந்தது. வோல்ட்டன், கோஹன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதலாம் வருஷ மாணவர்களுக்கு ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு மணித்தியாலம் மட்டும். சீனியர் மாணவர்கள் சொன்னதை வாசிக்கக் கொடுத்தார்கள். "முதல் வருஷம் எனக்கும் இது என் இடம் இல்லை என்றுதான் இருந்தது, போகப் போகச் சரியாகிவிட்டது" என்பதுதான் அதன் சாரம். வாசித்த பிறகு தங்கள் சொந்த அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். அவ்வளவுதான். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தபோது, கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளையின மாணவர்களுக்கும் இடையே இருந்த புள்ளி வித்தியாசம் பாதியாகக் குறைந்திருந்தது.

யோசித்துப் பாருங்கள். காசு கொடுக்கவில்லை. மேலதிக வகுப்பு வைக்கவில்லை. "உன்னால் முடியும்" என்று மேடையில் கத்தவில்லை. "எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்று முன்னால் போனவர்கள் உண்மையைச் சொன்னார்கள்.

அதை இங்கே யார் செய்கிறோம்? முன்னால் போன அண்ணனும் அக்காவும் ஊருக்கு வரும்போது கஷ்டத்தை மறைத்துவிட்டு வெற்றியை மட்டும் சொல்கிறோம். பாராட்டு விழாவில் பொன்னாடை, நினைவுச் சின்னம், இருபது பேருடைய பேச்சு. கடைசியில் பிள்ளைக்கு மைக் கிடைத்தால் இரண்டு நிமிஷம். அதிலும் நன்றி மட்டும்தான் சொல்லலாம்.

"எங்க காலத்துல குப்பி லாம்புல படிச்சோம்"

இந்தப் பதிவுக்குக் கீழே யாராவது இதை எழுதத்தான் போகிறீர்கள். எங்கள் சேர்மாரும் சொல்லுவார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் இருக்கிறது, தைரியம்தான் இல்லை என்று.

மரியாதையோடு சொல்கிறோம், எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. குப்பி லாம்பில் படித்து மேலே வந்தவர்களை எங்களுக்குத் தெரியும். அதே லாம்பில் படித்து, ஒரு கை பிடித்துத் தூக்க ஆள் இல்லாமல் பாதியில் நின்றவர்களை யாருக்கும் தெரியாது. அவர்கள் கதை சொல்ல மேடைக்கு வருவதில்லை. அவர்களில் சிலர் இன்றைக்குக் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். சிலர் மத்திய கிழக்கில் இருக்கிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான்.

ஆனால் குப்பி என்ற வார்த்தை எங்களுக்கும் வேண்டும். கெம்பஸ் போன எல்லோருக்கும் தெரியும், அங்கே "குப்பி" என்றால் வேறு அர்த்தம். பரீட்சைக்கு முன்னால் விளங்கிய பிள்ளை விளங்காத பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பது. காசு இல்லை, பதவி இல்லை. சிங்களப் பிள்ளைகளும் அதே பெயர்தான் சொல்லுவார்கள். அந்தச் சின்ன விளக்கின் பெயர்தான் அது.

எங்களைக் கரை சேர்த்தது அந்தக் குப்பிதான். உளவியல் பாடத்தில் பியாஜேயின் வளர்ச்சிப் படிநிலைகளை எங்களுக்கு விளங்க வைத்தது விரிவுரை இல்லை, பக்கத்துக் கட்டில்காரி. லயத்தில் தன் தம்பி தங்கச்சியை வளர்த்த கதையை வைத்தே சொல்லித் தந்தாள். நாங்கள் அவளுக்குச் சிங்களம் சொல்லிக் கொடுத்தோம். நோன்பு காலத்தில் சஹருக்கு எங்களை எழுப்பி விட்டது அவள்தான். அலாரத்தை நிப்பாட்டிவிட்டுத் தூங்கிப் போகிறவர்கள் நாங்கள். தீபாவளிக்கு லீவு கிடைக்காத வருஷம் அவளுக்காக ஹொஸ்டலில் இனிப்புச் செய்ததும் நாங்கள்தான். உதவி என்பது மேலே இருந்து கீழே வருவது மட்டும் இல்லை என்று அங்கேதான் படித்தோம். ஒருவரிடம் கேட்டு வாங்குகிற பிள்ளைதான் இன்னொருவருக்குக் கொடுக்கவும் பழகுகிறது.

பிள்ளைகளுக்கு

கெம்பஸில், கொலிஜில் இருக்கிற எங்கள் பிள்ளைகளே, உங்களுக்குச் சில விஷயம்.

1. விளங்கவில்லை என்பதை முதல் மாதத்திலேயே சொல்லுங்கள். ஆங்கில மொழியில் நடக்கிற விரிவுரை முதல் தவணையில் விளங்காமல் போவது பதுளைப் பிள்ளைக்கு மட்டும் இல்லை. தமிழிலோ சிங்களத்திலோ படித்து வந்த எல்லோருக்கும்தான். தலையை ஆட்டிக்கொண்டிருக்கிற முக்கால்வாசிப் பேருக்கும் விளங்கியிருக்காது. பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

2. விரிவுரையாளர்களிலேயே மாணவர் ஆலோசகர்கள் என்று நியமிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அது அவர்களுடைய கடமை. தப்புச் செய்தவர்கள்தான் அவர்களிடம் போவார்கள் என்று நினைக்க வேண்டாம்.

3. பகிடிவதையைப் பொறுத்துக்கொள்வது வீரம் இல்லை. 1998 இன் 20 ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். "சீனியர்மார் உதவி கிடைக்காமல் போகும்" என்று பயப்படாதீர்கள். உதவி செய்கிற சீனியர் அடிக்க மாட்டார்.

4. வீட்டு விலாசத்தை மறைக்காதீர்கள். தோட்டத்தின் பெயரைச் சொல்லாமல் "பதுளை டவுன்" என்று சொல்கிற பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும், நாங்களும் சொல்லியிருக்கிறோம். எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். 1934 இல் எங்கள் மாவட்டத்து ஊவாகட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்தவர். அந்தத் தோட்டத்தின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார். 2013 இல் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருதை வாங்கியதும் அந்தப் பெயரில்தான். 2022 இல் அவர் மறைந்தார். அந்தத் தோட்டத்தின் பெயரை இன்றைக்குத் தமிழ் வாசிக்கிறவர்கள் எங்கேயும் அறிவார்கள்.

5. தூக்கம் வரவில்லை, சாப்பிட முடியவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று வந்தால் அது வெறும் சந்தேகம் இல்லை. அதற்கு வைத்தியம் உண்டு. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் கதைக்கலாம். காய்ச்சலுக்கு மருந்து எடுப்பது மாதிரித்தான். ஈமானில் குறை என்றோ பேய் பிடித்தது என்றோ யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

பெற்றோருக்கு

அம்மா, அப்பா, உம்மா, வாப்பா, நீங்கள் கெம்பஸைப் பார்த்ததில்லை என்பதால் உதவி செய்ய முடியாது என்று நினைக்காதீர்கள். கோல் எடுத்தவுடன் "நல்லா படிக்கிறியா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு "ஓம்" என்று மட்டும்தான் பதில் சொல்ல முடியும். "இன்னைக்கு என்ன சாப்பிட்ட? யாரோட சாப்பிட்ட?" என்று கேளுங்கள். தனியாகச் சாப்பிடுகிற பிள்ளை எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு உடனே விளங்கிவிடும்.

"உனக்காகத்தான் வெயில்லயும் மழையிலயும் கொழுந்து பறிக்கிறேன்" என்று சொல்லாதீர்கள். அது பிள்ளைக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டதால்தான் அவள் உங்களிடம் கஷ்டத்தைச் சொல்வதில்லை.

ஊருக்கு

இனிப் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும், கோயில் கமிட்டிக்கும், தோட்டத் தலைவர்மாருக்கும், பழைய மாணவர் சங்கத்துக்கும், எங்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் காசு. கனவு பற்றிப் பேசுகிறோம், பஸ் காசு பற்றிப் பேசுவதில்லை. தோட்டச் சம்பளம் நாளுக்கு 1,000 ரூபாய் என்று ஆனது 2021 இல். 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய். அதுவும் வேலை கிடைக்கிற நாளைக்குத்தான். மகாபொல நீண்ட காலம் மாதம் 5,000 ரூபாயாக இருந்து, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ஆக உயர்த்தப்படும் என்று அறிவித்தார்கள். நல்ல விஷயம். ஆனால் முதல் தவணைக் காசு கைக்கு வரச் சில மாதங்கள் ஆகிவிடும். பிள்ளை உடைந்து போவது அந்த முதல் சில மாதங்களில்தான். போட்டோ பிரதி எடுக்கக் காசில்லாமல் குறிப்பு இல்லை, குறிப்பு இல்லாததால் விளங்கவில்லை, விளங்காததால் "எனக்கு மண்டை இல்லை". பசியைக்கூடப் பிள்ளை தன் மூளையின் குறை என்று நினைத்துக்கொள்கிறது.

இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. இலங்கை சிவில் சேவைக்குள் போன முதல் முஸ்லிம் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள். பதவியை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1945 இல் முஸ்லிம் மாணவர்களுக்குப் புலமைப்பரிசில் நிதியம் ஒன்றைத் தொடங்கினார். நாட்டில் இலவசக் கல்வி வந்த அதே வருஷம். கல்வி இலவசம் என்றாலும் படிப்பதற்குச் செலவு உண்டு என்று அவருக்கு அன்றைக்கே விளங்கியிருந்தது.

எங்கள் யோசனை பெரிதாக ஒன்றும் இல்லை. பேனருக்குச் செலவழிக்கிற காசை முதல் நாலு மாதத்துக்குப் பிரித்துக் கொடுப்போம். மேடையில் உறைக்குள் வைத்துப் படம் எடுத்துக் கொடுக்க வேண்டாம். கணக்கில் போட்டுவிடுவோம். யாருக்குக் கொடுத்தோம் என்று ஊருக்குத் தெரியத் தேவையில்லை.

இரண்டாவது, ஒவ்வொரு புதுப் பிள்ளைக்கும் ஒரு பழைய பிள்ளை. ஊவாவிலிருந்து எந்தக் கெம்பஸில், எந்தக் கொலிஜில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போடுவோம். யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, ஒலுவில், பேராதனை, பக்கத்திலேயே 2005 இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ, பத்தனை ஸ்ரீபாத, அட்டாளைச்சேனை எல்லாம். பிள்ளை போய் இறங்குகிற முதல் நாள் ஒரு தெரிந்த முகம் நிற்க வேண்டும். தோட்டம், டவுன், தமிழ், முஸ்லிம் என்று பட்டியலைப் பிரிக்க வேண்டாம். பதுளை ரயில் பாதையின் கடைசி ஸ்டேஷன். இங்கிருந்து புறப்படுகிற பிள்ளைகள் எல்லோரும் ஒரே பெட்டியில்தான் போகிறார்கள்.

மூன்றாவது, ஆறாவது கிழமையில் ஒரு கோல். பெறுபேறு வந்த நாளில் நூறு பேர் வாழ்த்துச் சொல்கிறோம். ஆறாவது கிழமையில் யாரும் எடுப்பதில்லை. எல்லா உயர்தர வகுப்பாசிரியர்களிடமும் கேட்கிறோம், உங்கள் டயறியில் இன்றைக்கே குறித்து வையுங்கள். "எப்படி?" என்று ஒரு கேள்வி. பத்து நிமிஷம். அதற்குச் சுற்றறிக்கை தேவையில்லை.

நாலாவது, வீட்டுக்குத் திரும்பி வருகிற பிள்ளைக்கும் மரியாதை. சில பேருக்கு அந்தப் பாடநெறி உண்மையிலேயே பொருந்தாது. ஒரு வருஷம் விட்டுத் திரும்ப எழுதலாம், வேறு துறைக்குப் போகலாம், தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போகலாம். அது தோல்வி இல்லை. திரும்பி வரலாம் என்று தெரிந்த பிள்ளைதான் பயமில்லாமல் நின்று பார்க்கும். கதவை அடைத்துவிட்டு "தைரியமாக இரு" என்று சொல்வது தைரியம் கொடுப்பது இல்லை.

அந்தப் பிள்ளை

அன்றைக்கு ராத்திரி அவளிடம் "வராதே" என்று நாங்கள் சொல்லவில்லை. "வா" என்றுதான் சொன்னோம். வெள்ளிக்கிழமை வா, ஞாயிறு யோசிப்போம் என்றோம். வந்தாள். அம்மாவோடு இரண்டு நாள் இருந்தாள். எங்களில் பெட்டியைக் கட்டியவள் போய்ப் பார்த்து, மூன்றாவது நிமிஷத்தில் நின்றுபோன தன் கதையை முழுக்கச் சொன்னாள். பிள்ளை முதலில் நம்பவில்லை. "நீங்களா டீச்சர்?" என்றாள். பிறகு சிரித்தாள்.

அவளுடைய கெம்பஸிலேயே மூன்றாம் வருஷத்தில் வெலிமடைப் பக்கத்து முஸ்லிம் பையன் ஒருவனும், ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தியும் இருப்பதைத் தேடிப் பிடித்தோம். இரண்டு கோல்தான் எடுத்தோம். அவ்வளவு நாளும் அவர்கள் இருப்பது இவளுக்குத் தெரியாது, இவள் இருப்பது அவர்களுக்கும் தெரியாது. இப்போது கிழமையில் இரண்டு நாள் பின்னேரம் குப்பி நடக்கிறது. "அக்கா எழுதின பழைய நோட்டு முழுக்கத் தந்துட்டாங்க டீச்சர். அதுல மொத பக்கத்துல 'ஒன்னும் விளங்கல'ன்னு பென்சில்ல எழுதியிருக்கு" என்று போன கிழமை சொன்னாள்.

அவள் படித்து முடிப்பாளா என்று எங்களுக்குத் தெரியாது. முதல் பரீட்சை இன்னும் வரவில்லை. வெற்றிக் கதை எழுத இது நேரமும் இல்லை. ஆனால் இப்போது அவள் தனியாகச் சாப்பிடுவதில்லை.

பேனரை ஞாயிற்றுக்கிழமை போய்க் கழற்றினோம். அவளுடைய அப்பாவும் வந்து ஒரு பக்கம் பிடித்தார். மழைக்குக் கூரையில் போட உதவும் என்று மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

பட்டியலுக்குப் பெயர் கொடுக்க விரும்புகிற கெம்பஸ், கொலிஜ் பிள்ளைகள் இன்பொக்ஸில் வாருங்கள். உங்கள் ஊரில் ஏற்கனவே இப்படி ஏதாவது செய்கிறீர்கள் என்றால் கொமெண்ட்டில் சொல்லுங்கள், நாங்களும் படித்துக்கொள்கிறோம். முன்னால் போன அண்ணன்மார், அக்காமார், நானாமார், தாத்தாமார் எல்லோரிடமும் ஒரே வேண்டுகோள். இந்தப் பதிவுக்குக் கீழே உங்கள் முதல் வருஷத்தின் ஆறாவது கிழமை எப்படி இருந்தது என்று உண்மையாக இரண்டு வரி எழுதுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு ஏதோ ஒரு ஹொஸ்டலில் ஒரு பிள்ளை அதை வாசிக்கும்.